டிரெயினேஜ் பைப்பில் வேப்பமர வேர்: ராடு விட்டும் திரும்பத் திரும்ப அடைப்பு

#1 மாடிப்படி

வணக்கம். சென்னை கே.கே. நகரில் 1986இல் கட்டிய தனி வீடு. டிரெயினேஜ் லைன் முழுக்க 4 இஞ்ச் ஸ்டோன்வேர் (சுட்ட களிமண்) பைப். பின்பக்கம் தொடங்கி, பக்கவாட்டில் 8 அடி அகலச் சந்து வழியாகத் தெருவுக்குப் போகிறது. மொத்தம் 5 சேம்பர் (திறந்து பார்க்கும் மூடியுள்ள தொட்டி), ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். 2ஆவது சேம்பருக்கும் 3ஆவது சேம்பருக்கும் இடையே 5 மீட்டர். அந்த இடத்தில்தான் லைனிலிருந்து 4 அடி தள்ளி, காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அடிமரம் 40 செ.மீ. குறுக்களவு இருக்கும்.

ஒரு வருடத்தில் நான்கு முறை அடைப்பு. மூங்கில் பத்தை விட்டுக் குத்தினால் தண்ணீர் சர்ரென்று இறங்கிவிடுகிறது. பத்தை நுனியில் தலைமுடி மாதிரி பழுப்பு நார் சுற்றிக்கொண்டு வருகிறது. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே கதை.

மரத்தை வெட்டினால் தீருமா? ஆசிட் ஊற்றச் சொல்கிறார்கள், ஊற்றலாமா? 18 மீட்டரையும் தோண்டி மாற்றத்தான் வேண்டுமா?

#2 ரசமட்டம்

முதலில் அடைப்பு எந்த இரண்டு சேம்பருக்கு நடுவில் என்பதை உறுதி செய்யுங்கள். மரம் அங்கே இருப்பதால் அடைப்பும் அங்கேதான் என்று நினைத்துத் தோண்டிவிடக் கூடாது. அடுத்த முறை அடைத்தவுடன் ராடு விடுவதற்கு முன் 5 மூடியையும் திறந்து பாருங்கள். 2 நிறைந்து, 3 காய்ந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம். 3, 4 எல்லாமே நிறைந்திருந்தால் கோளாறு கீழே, தெருப் பக்கம். தெருவில் உள்ள மேன்ஹோலே நிறைந்து நின்றால் அது குடிநீர் வாரியம் பார்க்க வேண்டிய வேலை. 1916 என்ற எண்ணில் புகார் கொடுத்துவிட்டு உங்கள் லைனைத் தொடாமல் இருங்கள்.

அடைப்பு இல்லாத நேரத்தில் பார்க்க இன்னொரு வழி உண்டு. 1ஆவது சேம்பரில் ஒரு வாளித் தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றி, 2இலும் 3இலும் நீலம் வந்து சேரும் நேரத்தைக் குறியுங்கள். நல்ல லைனில் நீலம் ஒரே கட்டியாக வந்து சட்டென்று ஓடிவிடும். வேர் இருக்கும் இடத்தில் மெல்லிசாக இழுத்துக்கொண்டு வெகுநேரம் வரும்.

பத்தையில் வரும் நாரையும் ஒருமுறை கழுவிப் பாருங்கள். துணி நூல், தலைமுடி என்றால் இழுத்தால் நீளும், கிளை இருக்காது. வேர் என்றால் ஒரு தண்டிலிருந்து பக்கம் பக்கமாகக் கிளைத்திருக்கும், நகத்தால் கீறினால் தோல் உரிந்து உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

#3 பழையபட்டறை

அரை கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) வாங்கி, ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு மேல் சேம்பரில் கொட்டி ஒரு வாளி வெந்நீர் விட்டால் போதும். வேர் கருகி உதிர்ந்துவிடும். செலவும் குறைவு. தோண்டுவதெல்லாம் கடைசியில் பார்க்கலாம்.

#4 தூக்குக்குண்டு

மயில்துத்தம் வேரைக் கருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பட்ட வேரை மட்டும்தான் கருக்கும். 4 இஞ்ச் பைப்பில் சாதாரணமாக ஓடும் தண்ணீர் அடியில் ஒன்றிரண்டு விரல் உயரம்தான். துத்தக் கரைசலும் அந்த அடிமட்டத்திலேயே ஓடிப்போகும். வேர் தொங்குவதோ மேல்பாதியில், மூட்டின் தலைப்பகுதியிலும் பக்கங்களிலும். அங்கேதான் ஈரக்காற்றும் ஆக்சிஜனும் சேர்ந்து கிடைக்கும். நுனி கருகும், மூட்டில் உட்கார்ந்திருக்கும் வேர்க்குடுமி அப்படியே இருக்கும். செம்பு உப்பு மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் விஷம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர்கள் கையில் எடுக்கவே வேண்டாம், டேங்கில் வேலை செய்யும் பாக்டீரியாவை அது கெடுத்துவிடும். வெளிநாடுகளில் மருந்தை நுரையாக்கிப் பைப் முழுக்க நிரப்புவது இதற்காகத்தான்: மேல்பாதி நனைய வேண்டும்.

ஆசிட் இதைவிட மோசம். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது மர நாரைக் கரைக்காது, சிமெண்டைக் கரைக்கும். உங்கள் பைப் மூட்டுகள் அத்தனையும் சிமெண்ட் கலவையில் பூசியவை. ஒவ்வொரு பாட்டிலும் வேருக்கு இன்னும் கொஞ்சம் கதவு திறந்துவிடுகிறது. போதாததற்கு, சாக்கடைக் கசடில் சல்ஃபைடு இருக்கும். அதில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஊற்றினால் குளோரின் வரும். இரண்டும் ஆளைக் கொல்லக்கூடியவை.

இப்போது மூல விஷயம். வேர் பைப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வருவதில்லை. பைப் முதலில் கசிகிறது, வேர் பிறகுதான் வருகிறது. ஸ்டோன்வேர் பைப் களிமண்ணைச் சுட்டு உப்பு மெருகு ஏற்றியது, ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 651 தரம். பைப்பின் உடம்பு நூறு வருடம் நிற்கும். ஆனால் வழக்கமாகப் போடும் பைப்பின் நீளம் 60 செ.மீ. உங்கள் 18 மீட்டரில் ஏறக்குறைய 30 மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் தார் தோய்த்த சணல் திரியைத் திணித்து, ஒன்றுக்கு ஒன்று சிமெண்ட் கலவை அடைத்திருப்பார்கள். அது கல் மாதிரி இறுகிவிடும், வளைந்து கொடுக்காது. மண் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும்போது, அல்லது அடிமண் ஒரு பக்கம் அமரும்போது, கலவையில் தலைமுடி அளவுக்கு விரிசல் விழும். அதன் வழியே ஈரம் வெளியே கசியும். பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும் வேர் அந்த ஈரத்தைத் தொட்டவுடன் அந்த இடத்தில் மட்டும் நூறு நுனிகளாகக் கிளைக்கும். அவற்றில் ஒன்று நூல் கனத்தில் உள்ளே நுழைந்தால் போதும். உள்ளே தண்ணீர், காற்று, உரம் மூன்றும் இருக்கிறது. பிறகு அந்த நூல் விரலாகப் பருத்து ஆப்பு மாதிரி மூட்டைப் பிளக்கும். பைப் உடைவது இந்த இரண்டாம் கட்டத்தில்தான்.

மூங்கில் பத்தை அந்தக் குடுமியில் ஓர் ஓட்டைதான் போடுகிறது. தண்ணீர் இறங்கும். ஆனால் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் சோப்புக் கசடும் மிச்ச நாரில் படிந்து மறுபடி அடைக்கும். நுனி ஒடிந்த வேர் செடியைக் கவாத்து செய்ததுபோல இன்னும் அடர்த்தியாகக் கிளைக்கும். மூன்று மாதக் கணக்கு இப்படித்தான் வருகிறது.

#5 கரைஓரம்

வேலை தொடங்கும் முன் ஒரு விஷயம். சேம்பருக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். "அண்ணே, ரெண்டு நிமிஷம், குனிஞ்சு எடுத்துடுறேன்" என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். கையால் கழிவு அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடைக் குழியையும் செப்டிக் டேங்கையும் ஆளை வைத்துச் சுத்தம் செய்ய வைப்பது குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரரும் இதில் மாட்டுவார். சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. பணத்தைத் தள்ளுங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முதலில் மூக்கின் உணர்வைத்தான் மழுங்கடிக்கும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன வீடுகள் எத்தனை.

இரண்டரை அடி ஆழச் சேம்பராக இருந்தாலும் மூடிகளைத் திறந்து அரை மணி நேரம் விடுங்கள். தலையை உள்ளே குனிய விடாதீர்கள், பீடி சிகரெட் கூடாது. முழங்கை வரை ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி நீங்கள் வாங்கிக் கொடுங்கள். காலில் கையில் புண் இருப்பவர் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும்.

#6 வேரும்விழுதும்

மரத்தின் பக்கமிருந்து சொல்கிறேன். வேம்பை வெட்டினால் பிரச்சினை தீராது. அடிக்கட்டையிலிருந்தும் காயம்பட்ட வேரிலிருந்தும் வேம்பு தளிர்க்கும். வேர் செத்தே போனாலும் பைப் மூட்டில் திணிந்திருந்த பகுதி மக்கி, அந்த இடம் ஓட்டையாக நிற்கும். அதன் வழியே மண்ணும் மணலும் உள்ளே சரியும். காலியான மண்ணில் அடுத்த வீட்டு மரத்தின் வேர் வந்து சேரும். நிழலையும் இழந்து, பைப்பையும் மாற்ற வேண்டிவரும்.

மர வகை ஓரளவு முக்கியம்தான். ஆல், அரசு, அத்தி இனம்தான் மிகத் தொல்லை. காக்கை எச்சத்தில் விழுந்த அரசு விதை சேம்பர்ச் சுவர் இடுக்கில் முளைத்தால், செங்கல் சந்து வழியாகவே உள்ளே இறங்கும். ரெண்டு இலை விடும்போதே பிடுங்க வேண்டும், ஒரு வருடம் விட்டால் சுவரைப் பிரிக்காமல் எடுக்க முடியாது. வேம்பும் புங்கையும் ஆணிவேர் உள்ளவை என்றாலும் பக்கவேரை நன்றாக ஓடவிடும். தென்னை, பனை, கமுகு, வாழை இவற்றின் வேர் பருக்காது. வந்த கனத்திலேயே இருக்கும், அதனால் பைப்பைப் பிளக்காது. ஆனால் ஏற்கெனவே ஓட்டை இருந்தால் ஒரு கத்தையாக உள்ளே வந்து அடைக்கும்.

#7 மாடிப்படி

எல்லோருக்கும் நன்றி. நீலம் ஊற்றிப் பார்த்தேன், 2க்கும் 3க்கும் நடுவில்தான். ஆசிட் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கேமரா விட்டுப் பார்த்தோம். 3ஆவது சேம்பரில் பைப் வாயை 0 என்று வைத்து மேல்நோக்கி அனுப்பினார்கள். அவர்கள் கொடுத்த குறிப்பு இது: 1.8 மீட்டரில் வேர், 2.4இல் வேர், 2.7இல் சிறிய வேர், 3.6இல் பெரிய குடுமி. 3.6 முதல் 4.2 வரை தண்ணீர் தேங்கி நிற்கிறது. மற்ற சேம்பர்களுக்கு இடையில் பார்த்ததில் வேர் இல்லை, சுத்தமாக இருக்கிறது. அந்த நான்கு இடத்தை மட்டும் தோண்டிப் பூசினால் போதுமா?

#8 தூக்குக்குண்டு

கேமரா விட்டது நல்ல காரியம். அந்த எண்களைக் கூர்ந்து பாருங்கள். 1.8, 2.4, 3.6 எல்லாம் 60 செ.மீ. கணக்கில் விழுகின்றன. அத்தனையும் மூட்டு. 2.7 மட்டும் கணக்கில் சேரவில்லை, 2.4க்கும் 3.0க்கும் நட்ட நடுவில் இருக்கிறது. அங்கே மூட்டு கிடையாது. அங்கே வேர் வந்திருக்கிறது என்றால் பைப்பின் உடம்பே விரிந்திருக்கிறது. அடியில் மண் அரித்துப்போய், இரண்டு முனையில் மட்டும் தாங்கி நிற்கும் பைப் இப்படித்தான் நடு இடுப்பில் வெடிக்கும். பதிவை ஓடவிட்டு அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள், பைப்பைச் சுற்றி வளையமாகக் கோடு தெரியும்.

3.6 முதல் 4.2 வரை தண்ணீர் தேங்குவது சரியாக ஒரு பைப் நீளம். அந்த ஒரு பைப் அமர்ந்துவிட்டது. வெளியே பூசினால் மூட்டு அடையும், வாட்டம் (சரிவு) திரும்பி வராது. தேங்கிய இடத்தில் கசடு படியும், அடைப்பு தொடரும்.

என் முடிவு: நான்கு இடம் பூசுவது வீண். 2க்கும் 3க்கும் நடுவிலுள்ள 5 மீட்டரை மட்டும் முழுதாக மாற்றுங்கள். மீதி 13 மீட்டரைத் தொட வேண்டாம். நன்றாக இருக்கும் ஸ்டோன்வேரை யாராவது "பழசு, எல்லாத்தையும் எடுத்துடலாம் சார்" என்றால் கேட்காதீர்கள்.

#9 ரசமட்டம்

தோண்டும் வரை ஒருமுறை ஒழுங்காக வெட்டிவிடுவது நல்லது. பத்தை வேண்டாம். ஸ்பிரிங் மெஷின் என்று கேளுங்கள், துண்டு துண்டாக இணைக்கும் 16 அல்லது 22 மி.மீ. ஸ்பிரிங்கும் முனையில் வேர் வெட்டும் பிளேடும் உள்ளது. 4 இஞ்ச் பைப்புக்கு எடுத்தவுடன் 4 இஞ்ச் பிளேடு போட்டால் குடுமியில் சிக்கி, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு உள்ளேயே ஒடிந்துவிடும். முதலில் ஈட்டி முனை, அடுத்து 65 மி.மீ. பிளேடு, கடைசியில் 90. தள்ளக் கூடாது, பிளேடு தின்னத் தின்ன விட வேண்டும். மெஷின் சத்தம் கனக்கும்போது ஓர் அடி பின்னால் இழுத்து மறுபடி விட வேண்டும். வேலை முழுக்க மேலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் லைனில் 2.7இல் விரிசல் இருப்பதால் 90 பிளேடு அந்த இடத்தைத் தாண்டும்போது மெதுவாக. உடைந்த ஓட்டுத் துண்டு பெயர்ந்து விழுந்தால் அன்றைக்கே தோண்ட வேண்டியதுதான்.

அதன் பிறகு ஜெட்டிங், அதாவது அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. 3ஆவது சேம்பரிலிருந்து 2ஐ நோக்கி அனுப்ப வேண்டும். நாசிலின் பின்துளைகளில் பீய்ச்சும் தண்ணீர்தான் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது, கசடையும் 3க்கே திருப்பிக் கொண்டுவருகிறது. 3இன் வெளிவாயில் கம்பி வலைத் துண்டு ஒன்றைச் செருகி வையுங்கள். வெட்டிய வேர் தெரு லைனுக்குப் போனால் அடைப்பு உங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு மாறிவிடும். வலையில் சேர்ந்ததை மண்வெட்டியால் வாரிச் சாக்கில் கட்டுங்கள். இந்த வயதுள்ள ஸ்டோன்வேருக்கு 100 முதல் 130 பார் அழுத்தம் போதும். கார் கழுவும் மெஷினில் அழுத்தம் இருக்கும், ஆனால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்தான் வரும். வேரை அறுக்கவும் கசடைத் தள்ளவும் அந்த அளவு பற்றாது.

#10 கொங்குத்தோட்டம்

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பக்கம் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும்தான். டேங்கிலிருந்து 6 அடியில் இரண்டு தென்னை. உறிஞ்சுகுழிக்குள் வேர் அடர்ந்து தண்ணீர் இறங்குவதில்லை. டேங்க் மூடி ஓரத்திலும் வேர் தெரிகிறது. ராடு விட முடியாதே, என்ன செய்வது?

#11 தூக்குக்குண்டு

கொங்குத்தோட்டம், இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். டேங்க் என்பது தண்ணீர் தாங்க வேண்டிய தொட்டி, அதில் வேர் வருவது கட்டுமானக் குறை. லாரியை வைத்துக் கசடை எடுத்த பிறகு, மூடி ஸ்லாபுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியையும், பைப் சுவரைத் துளைக்கும் இடத்தையும் மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் நுழைந்திருக்கும். ஸ்லாபைத் தூக்கி, ஓரத்தைச் சுத்தம் செய்து, ஒன்றுக்கு மூன்று கலவையில் வாட்டர்புரூஃப் திரவம் சேர்த்துப் படுக்கை போட்டு அதன் மேல் ஸ்லாபை உட்கார வையுங்கள். கசடு எடுத்தாகிவிட்டது என்பதற்காக யாரும் உள்ளே இறங்கக் கூடாது, காலி டேங்கிலும் வாயு நிற்கும்.

உறிஞ்சுகுழி வேறு. அது தண்ணீரை வெளியே விடுவதற்கென்றே ஓட்டையோடு கட்டியது, அதில் வேர் வருவதைத் தடுக்க வழியே கிடையாது. மரத்திலிருந்து தள்ளிப் புதுக்குழி எடுப்பதுதான் வழி. கிணறு இருந்தால் குடிநீர் ஆதாரத்திலிருந்து 18 மீட்டரும் வீட்டிலிருந்து 6 மீட்டரும் விட்டு இடம் பாருங்கள். பழைய குழியை மண்போட்டு மூடிவிடுங்கள், தென்னை அதைத் தின்று கொழிக்கட்டும்.

#12 பழையபட்டறை

மயில்துத்தத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். மேல்பாதி நனையாது என்பதை நான் யோசிக்கவில்லை. மாடிப்படி விஷயத்தில் ஒரு சந்தேகம்: தோண்டாமலேயே உள்ளே ரெசின் உறை போட்டு இறுக்குகிறார்களே, அது ஆகாதா? மாற்றுவதென்றால் பி.வி.சி.யில் ரிங்ஃபிட்டா (ரப்பர் ரிங் மூட்டு) செல்ஃபிட்டா (ஒட்டும் மூட்டு)? ரப்பர் ரிங் வழியாகவும் வேர் போகும் என்கிறார்களே.

#13 தூக்குக்குண்டு

உறை போடுவது நல்ல முறைதான், மேலே டைல்ஸும் கட்டடமும் இருந்து தோண்டவே முடியாத இடத்தில். ஆனால் உறை பழைய பைப் எப்படிப் படுத்திருக்கிறதோ அப்படியே படுக்கும். அமர்ந்த பைப்புக்குள் போட்டால் தேக்கமும் அப்படியே இருக்கும். இங்கே வெறும் மண் தரை, ஆழம் இரண்டடிக்குப் பக்கம், நீளம் 5 மீட்டர். தோண்டுவதே நேர் வழி.

ரிங்கா செல்ஃபிட்டா என்ற கேள்விக்கு இந்த இடத்தில் இரண்டுமே தேவையில்லை என்பதுதான் பதில். எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீருக்கான பி.வி.சி.) பைப் 3 மீட்டரிலும் 6 மீட்டரிலும் வருகிறது. கடைக்காரர் தூக்கிக் கொடுக்க வசதி என்று 3 மீட்டர்தான் எடுத்து வைப்பார். 6 மீட்டர் கேட்டு வாங்குங்கள். 2க்கும் 3க்கும் நடுவில் ஒரே பைப், நடுவில் ஒரு மூட்டுகூட இல்லை. முன்பு எட்டு மூட்டு இருந்த இடம் அது. ரிங் புரண்டிருந்தால், அல்லது பைப் சாய்வாக ஏறியிருந்தால், ரப்பர் வழியாகவும் வேர் போகும் என்பது உண்மை. நீளமான லைனில் மூட்டு தவிர்க்க முடியாதபோது மரத்துக்குப் பக்கத்தில் வரும் மூட்டை மட்டுமாவது செல்ஃபிட்டாக, சால்வென்ட் சிமெண்ட் என்ற பி.வி.சி. பசை போட்டு ஒட்டிவிடலாம்.

பைப் 110 மி.மீ., ஐ.எஸ். 13592, டைப் பி என்று உடம்பில் அச்சடித்திருக்க வேண்டும். டைப் ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் உள்ளது, சுவர் மெல்லிசு. சந்தில் கார் ஏறும் என்றால் மண்ணுக்கடியில் போடுவதற்கென்றே வரும் ஐ.எஸ். 15328 பைப்பை எஸ்.என். 8 (விறைப்புத் திறன்) தரத்தில் வாங்குங்கள்.

பள்ளம் ஒன்றரை அடி அகலம். பழைய ஓட்டுத் துண்டு ஒன்றுகூட உள்ளே கிடக்கக் கூடாது. அடியில் 10 செ.மீ. மணல் பரப்பித் தண்ணீர் தெளித்து இடியுங்கள். 4 இஞ்ச் பைப்புக்கு வாட்டம் 40க்கு 1, அதாவது மீட்டருக்கு 2.5 செ.மீ., 5 மீட்டருக்கு 12.5 செ.மீ. இரண்டு சேம்பரின் அடிமட்டத்தையும் தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தில் பார்த்து, அந்த வித்தியாசம் கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நூல் கட்டினாலும் இன்னொரு சோதனை உண்டு: 1 மீட்டர் மட்டப்பலகையின் கீழ்முனைக்கு அடியில் 2.5 செ.மீ. கட்டை வைத்து பைப் மேல் வையுங்கள், நடுவில் குமிழி நிற்க வேண்டும். மீட்டருக்கு மீட்டர் இதைச் செய்தால் பைப் நடுவில் தொய்ந்து வயிறு விழாது.

பி.வி.சி. வழவழப்பானது, சிமெண்ட் அதில் ஒட்டாது. சேம்பர்ச் சுவருக்குள் போகும் இடத்தில் வேர் மறுபடி நுழைவது இந்தக் காரணத்தால்தான். சுவருக்குள் வரும் ஒன்பது இஞ்சை உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கி, சால்வென்ட் சிமெண்டைத் தாராளமாகத் தடவி, அது காய்வதற்குள் உலர்ந்த மணலைத் தூவி உருட்டுங்கள். காய்ந்ததும் பைப் உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும், கலவை கவ்விப் பிடிக்கும். பத்து நிமிட வேலை, பலர் செய்வதில்லை.

#14 மாடிப்படி

ஒரே பைப் என்பது அருமை. ஆனால் சேம்பருக்குச் சேம்பர் 5 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்ச் சுவரையும் சேர்த்தால் 5.46 மீட்டர் வேண்டும். வளையாத பைப்பை இரண்டு ஓட்டைக்குள்ளும் எப்படி நுழைப்பது? என் சேம்பரின் உள்ளளவு நீளவாக்கில் 60 செ.மீ., அகலம் 45.

#15 ரசமட்டம்

அந்த 60 செ.மீ. போதும். 5.46க்கு அறுத்துக்கொள்ளுங்கள், பிசிறு நீக்கி விளிம்பை உள்ளும் புறமும் அரத்தால் மழுக்குங்கள். பிசிறு இருந்தால் முடியும் துணியும் அதில்தான் மாட்டும். 2ஆவது சேம்பர் ஓட்டையைக் கொஞ்சம் தாராளமாக, 6 இஞ்ச் அளவுக்கு உடையுங்கள். பைப்பை அதன் வழியே சுவரைத் தாண்டி உள்ளே ஒன்பது இஞ்ச் தள்ளினால் மறுமுனை 3ஆவது சேம்பர்ச் சுவரில் இடிக்காமல் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அதை 3இன் ஓட்டைக்கு நேர் வைத்து, பைப்பை அப்படியே பின்னுக்கு இழுத்துச் செருகுங்கள். இரண்டு முனையும் சுவரின் உள்முகத்தோடு சமமாக நிற்கும். பிறகு வாட்டம் பார்த்து, ஓட்டையைச் சுற்றி ஒன்றுக்கு மூன்று கலவையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திணியுங்கள். உள்ளே பாதிக் குழாய்க்கால்வாயும் இரு பக்கச் சரிவும் உடைந்திருந்தால் அதையும் கட்டி நெய்ப்பூச்சு (வழவழப்பான சிமெண்ட் பூச்சு) கொடுங்கள். சேம்பர்ச் சுவரில் பழைய வேர் நுழைந்த செங்கல் சந்துகளைக் கீறி எடுத்துப் பூசவும் இதுதான் நேரம்.

மறுநாள் பள்ளம் மூடும் முன் சோதனை. கீழ்முனையில் விரியும் ரப்பர் பிளக் செருகி, மேல்முனை வழியே தண்ணீர் நிரப்பி மட்டத்தைக் குறியுங்கள். அரை மணி நேரத்தில் இறங்கக் கூடாது.

பைப் போடும் நாளில் காலையிலிருந்து மாலை வரை 2க்கு மேலே உள்ள கழிவறை, சமையலறை எதையும் பயன்படுத்த முடியாது. 2ஆவது சேம்பர் வெளிவாயையும் அடைத்து, ஒரு சின்ன மோட்டாரில் 3க்குத் தண்ணீரை மாற்றிவிடும் ஏற்பாடு கையில் இருக்கட்டும். கலவை இறுகும் முன் யாராவது ஃபிளஷ் அழுத்திவிட்டால் பூச்சு கரைந்துபோகும்.

#16 வேரும்விழுதும்

பள்ளம் மரத்திலிருந்து 4 அடியில் வருகிறது. அடிமரம் 40 செ.மீ. என்றால் அதன் மூன்று மடங்கு தூரம் 1.2 மீட்டர், கிட்டத்தட்ட நீங்கள் தோண்டும் இடமேதான். அதற்கு உள்ளே தாங்குவேரை வெட்டினால் மரம் அந்தப் பக்கம் பிடிமானம் இழக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயலில் சென்னையில் எத்தனை மரம் வேரோடு சாய்ந்தது என்பது உங்களுக்கே தெரியும். முடிந்தால் புதுப் பைப்பை வீட்டுப் பக்கமாக அரை அடி நகர்த்திப் போடுங்கள், அந்த அரை அடிகூட மரத்துக்கு உதவும். ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது.

ஜேசிபி வேண்டாம், கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். ஜேசிபி வேரை அறுக்காது, பிய்க்கும். பிய்ந்த வேர் அடிமரம் வரை கிழிந்து அழுகும். விரல் கன வேர்களைக் கைரம்பத்தால் பள்ளத்தின் மரப்பக்க ஓரத்தில் நேராக அறுங்கள். மணிக்கட்டுக்கு மேல் கனமுள்ள வேர் குறுக்கே வந்தால் அதை வெட்டாமல் அடியில் குடைந்து பைப்பை நுழையுங்கள். ஒரே பைப் என்பதால் அது முடியும். வெளியே தெரியும் வேரை ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.

மூடும் முன் பள்ளத்தின் மரப்பக்கச் சுவரில் 1 மி.மீ. கன எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட்டை 2 அடி ஆழத்துக்கு நிறுத்திவிடுங்கள். நீளம் மரத்துக்கு நேராக இரு பக்கமும் 5, 5 அடி. மேல் விளிம்பு தரைக்கு மேல் ஓர் இஞ்ச் தெரிய வேண்டும், மண்ணுக்குள் மறைந்தால் வேர் ஏறித் தாண்டும். மூடும்போது பைப்புக்கு மேல் அரை அடி வரை மணல், அதன் பிறகு தோண்டிய மண்ணை அரை அடி அடுக்காகத் தண்ணீர் தெளித்து இடித்து நிரப்புங்கள். செங்கல் உடைசலைத் தள்ளி மூடினால் அந்தப் பொலபொலப்பான பள்ளமே வேருக்கு நெடுஞ்சாலை.

#17 மாடிப்படி

6 மீட்டர் பைப் சொல்லிவைத்திருக்கிறேன். மழைக்கு முன் வேலை. கேமரா திரும்ப எப்போது விட வேண்டும்?

#18 ரசமட்டம்

புது 5 மீட்டருக்குத் தேவையில்லை. தொடாமல் விட்ட 13 மீட்டரை ஒரு வருடம் கழித்துப் பாருங்கள், குறிப்பாக 3க்கும் 4க்கும் நடுவில். வேருக்கு இங்கே வழி அடைபட்டால் அடுத்த பழைய மூட்டு அதுதான். பள்ளம் மூடும் முன் பைப்போடு ஓர் அளவுநாடாவை நீட்டிப் போட்டுப் படம் எடுத்துவையுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து பைப் எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்பதை 2ஆவது சேம்பர் மூடியின் அடிப்பக்கம் பெயிண்டால் எழுதிவிடுங்கள். பத்து வருடம் கழித்துத் தோண்ட வருபவர் முதலில் திறப்பது அந்த மூடியைத்தான்.